ஏறுமா மேடம்?

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த டைரி கம்பெனியில் கொடுத்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து ‘வாடிக்கையாளரின் மனநிலை’ என்று இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார். கிரிப்டோ காயின் வாங்குகிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் என்ன நினைத்தோம், வாங்கிய பிறகு என்ன நினைத்தோம் என்று தினமும் எழுத வேண்டுமாம். பயத்தையும் பேராசையையும் அப்படித்தான் பிடிக்க முடியுமாம். முடிவில் ஆளுக்கொரு டைரியும் ஒரு சமோசாவும்.

எனக்குப் பயமும் இல்லை, பேராசையும் இல்லை. ஆனால் தாள் நல்ல கனமான தாள், வீணாக்க மனம் வரவில்லை. முதல் பக்கத்தில் கேட்டதை நிரப்பிவிட்டேன். பெயர்: அமுதவல்லி. வயது: 36. ரத்த வகை: ஓ பாசிட்டிவ். வேலை: கிரிப்டோ ஆப் ஒன்றின் வாடிக்கையாளர் சேவை, தமிழ்ப் பிரிவு, சரவணம்பட்டி, மூன்றாவது மாடி.

அந்த வேலை என்னவென்று இங்கே எழுதிவிடுகிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு எழுபது பேர் கூப்பிடுவார்கள். எழுபது பேரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். “ஏறுமா மேடம்?” நாங்கள் படிக்க வேண்டிய பதில் கண்ணெதிரே ஒட்டியிருக்கும். “முதலீட்டு ஆலோசனை வழங்க எங்களுக்கு அனுமதி இல்லை. பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.” இதைப் படித்துப் படித்து, நேற்று பால்காரரிடமும் “பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

அருப்புக்கோட்டை குருசாமி. தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை. காலை பத்து பத்துக்குக் கடையைத் திறந்து பெருக்கியதும் எனக்கு போன் போடுவார். எங்கள் லைனில் பதினொரு பேர் இருக்கிறோம். வேறு யாராவது எடுத்தால் வைத்துவிட்டு மறுபடி போடுகிறார், நான் எடுக்கிற வரைக்கும். மற்றவர்களுக்குச் சிரிப்பு. “அமுதாக்கா, உங்க மாமன் மகன் லைன்ல.”

“மேடம், ஆர்பிட் இன்னிக்கு ஏறுமா?”

“சார், ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை சார்.”

“அனுமதி இல்லாம சும்மா சொல்லுங்க மேடம். உங்களுக்கு என்ன தோணுது?”

ஆர்பிட் என்பது ஒரு காயின். யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, போன ஜூலையில் இருநூற்று ஐந்து ரூபாய் விலையில் வாங்கியிருக்கிறார். இப்போது நூற்று எழுபத்தொன்று. அதற்காக தினமும் போன். மூன்று மாதம்கூடப் பொறுக்க முடியாதவர்கள் எதற்கு இதில் இறங்குகிறார்கள்?

என்னிடமும் ஆர்பிட் இருக்கிறது. கொஞ்சம்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இவர் உட்காரும்போது ஒரு ‘ஸ்ஸ்’, எழும்போது ஒரு ‘ஸ்ஸ்’. குடலிறக்கம் என்று ஜூனில் டாக்டர் சொன்னார், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். எனக்குத் தெரியாதா? கணபதியில் லேத் பட்டறையில் நாள் முழுக்க நின்று இரும்பு தூக்குகிற வேலை. வலிக்கத்தான் செய்யும். அதற்காக நான் இருக்கும்போது மட்டும் ஸ்ஸ் என்றால் என்ன அர்த்தம்?

“அமுதா, சீட்டு எப்ப எடுக்கலாம்?”

“இப்ப எடுத்தா தள்ளுபடி ஜாஸ்தி போகுங்க. தையில எடுத்தா நல்லா நிக்கும்.”

“தை வரைக்குமா?”

“பொறுத்துக்குங்க. பெல்ட் ஒண்ணு போட்டுக்கலாம்.”

போன வருஷம்வரை என் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருந்தது. ஆயிரத்து ஐநூறு ஏற்றிக்கொடுத்து, வரம்பைத் தாண்டவைத்து, அந்த வசதியையும் பிடுங்கிவிட்டார்கள். இதற்குப் பெயர் இன்கிரிமென்ட். கம்பெனி இன்ஷூரன்ஸ் எனக்கு மட்டும்தான். என் கணவருக்குக் குடலிறக்கம் வந்தால் அது அவர் சொந்த விஷயமாம்.

பெல்ட் நானூற்றைம்பது ரூபாய்.

செப்டம்பர் 10, புதன்

ஆர்பிட் 168. பெல்ட் அளவு சரியில்லை. மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஷெரினுக்கு இருபத்தாறு வயது. எனக்கு டீம் லீடர். இன்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். “அக்கா, பாத்ரூம் பிரேக் ஒன்பது தடவை காட்டுது. சுகர் ஏதும் இருக்கா? டெஸ்ட் பண்ணிக்கோங்க.”

எங்கள் தளத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைக்க வேண்டும். லாக்கர் பாத்ரூமுக்குப் போகிற வழியில் இருக்கிறது. சுவரில் பெரிய டி.வி.யில் விலை ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் முதல் பத்து காயின்தான் காட்டுவார்கள். ஆர்பிட் அறுபதாவது இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் லாக்கருக்குத்தான் போக வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் துவைத்துக்கொண்டிருந்தேன். சீட்டு நடத்துகிற பேபி அக்கா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வராதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

“அமுதா, எடுக்காத சீட்டுன்னா நானே ஒரு மாசம் பொறுத்துக்குவேன். எடுத்த சீட்டுக்குத் தவணை தள்ளக் கூடாது கண்ணு. மத்தவங்க என்னைக் கேப்பாங்கல்ல?”

“சத்தமா பேசாதீங்க அக்கா. வெள்ளிக்கிழமை ஜி-பே பண்றேன்.”

“இன்பராஜுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா? அதுக்குத்தானே அவசரமா எடுத்தே?”

“நாள் பாத்துட்டு இருக்கோம்.”

உள்ளே வந்தால் இவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் யார் என்று கேட்டார். பேபி அக்கா, கரண்ட் பில் பற்றிக் கேட்டார் என்றேன். பொய் இல்லை. போகும்போது கரண்ட் பில்லைப் பற்றியும் பேசினார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையில் லேத்துக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். பூசணிக்காய் உடைக்கிறது எப்போதும் இவர்தான். இந்த வருஷம் குனிய முடியவில்லை. வேறொருவர் உடைத்தார். இவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டுமா?

ஆர்பிட் 184! நான்தான் சொன்னேனே. இருநூற்றுப் பன்னிரண்டு வந்தால் போதும். வாங்கிய விலை. லாபமே வேண்டாம். போட்டது போட்டபடி வந்தால் அன்றைக்கே விற்றுவிட்டு, அடுத்த நாள் ஆஸ்பத்திரி. இன்னும் இருபத்தெட்டு ரூபாய்தான் தூரம்.

இப்போது விற்றாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். ஆபரேஷனுக்குத் தாராளம். ஆனால் எதற்கு நஷ்டத்தில் விற்க வேண்டும்? தினமும் எழுபது பேருக்குப் பொறுமையைப் போதிக்கிறவள் நான்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

குருசாமி பத்து பத்துக்குக் கூப்பிட்டார். வழக்கமான கேள்வி கேட்கவில்லை.

“மேடம், விக்கிறது எப்படின்னு சொல்லிக் குடுங்க. வாங்கத் தெரிஞ்சுச்சு, விக்கத் தெரியலை.”

“எதுக்கு சார் இப்ப?”

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. வழிமுறையை மட்டும் சொல்ல வேண்டும். அவர் சொன்னார், மகள் நர்சிங் இரண்டாம் வருஷம், மாதக் கடைசிக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும், நூற்று எழுபத்தாறுக்கு விற்றால் சரியாக இருக்கும் என்று.

“நஷ்டத்துல விக்கிறீங்களே சார்.”

“என்ன மேடம் பண்ண?”

“இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு. மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கில்ல? அவசரப்படாதீங்க. இருங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நீங்க சொன்னா சரி மேடம். ரொம்ப தேங்க்ஸ்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவரைப் போன்ற ஆட்கள் பதறி விற்பதால்தான் விலை ஏறாமல் கிடக்கிறது. எல்லோரும் கொஞ்சம் பொறுத்தால் எல்லோருக்கும் நல்லது.

அக்டோபர் 11, சனி

காலையில் எழுந்து பார்த்தால் 118.

ஆர்பிட் மட்டுமில்லை, எல்லாமே சரிந்துவிட்டது. எட்டு மணி ஷிப்டுக்குப் போனபோது வரிசையில் முந்நூறு பேர் காத்திருந்தார்கள். ஆப் நான்கு மணி நேரம் திறக்கவில்லை. ‘பராமரிப்புப் பணி’ என்று சொல்லச் சொன்னார்கள். தர்மபுரியிலிருந்து ஒருவர் என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். காரைக்குடியிலிருந்து ஒரு அம்மா, அவர் மகன் கதவைச் சாத்திக்கொண்டு திறக்கமாட்டேன் என்கிறான், நீங்கள் அவனிடம் பேசுங்கள் என்று போனைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் ஒரு மரக் கதவிடம் “பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்” என்று படித்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் கதவைத் திறந்து, “யாரும்மா அது லூசு?” என்று கேட்டான். நல்லவேளை.

மதியம் சாப்பிடவில்லை. பாத்ரூம் பிரேக் எத்தனை என்று தெரியாது. ஷெரின் எதுவும் சொல்லவில்லை. அவளும் வெளிறிப்போயிருந்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

திட்டுவார் என்று தயாராக இருந்தேன். குருசாமி திட்டவில்லை.

“நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் இருந்தேன். இப்ப என்ன செய்ய?”

ஷெரின் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒட்டியிருந்த பதிலைப் படித்தேன். முழுவதும் படித்து முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

திட்டித் தொலைத்திருக்கலாம். தர்மபுரிக்காரர் எவ்வளவோ மேல்.

அக்டோபர் 15, புதன்

விழுந்த விலையில் இன்னும் கொஞ்சம் வாங்கினால் சராசரி இறங்கும். இது கணக்கு, பேராசை இல்லை. இப்போது எனக்கு 212 வேண்டியதில்லை. 169 வந்தால் போதும்.

வளையல் இரண்டும் கையில் இறுக்கமாகிவிட்டன. கழற்றிவிட்டேன். இவர் சாயங்காலமே கவனித்துவிட்டார். மற்றதெல்லாம் கண்ணில் படாது.

“வளையல் எங்க அமுதா?”

“இறுக்குது. கழட்டி வச்சிருக்கேன்.”

“எங்க?”

“பத்திரமான எடத்துலதான்.”

பத்திரமான இடம்தான். அடகுக் கடையில் இரும்புப் பெட்டி இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இவருக்கு அதிரசம் பிடிக்கும், செய்தேன். இரண்டு வாய் சாப்பிட்டு வயிறு உப்புசமாக இருக்கிறது என்று வைத்துவிட்டார். மாவு, வெல்லம், எண்ணெய், நான் நின்ற நேரம், எல்லாம் வீண். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். 101.

அக்டோபர் 28, செவ்வாய்

84. அழைப்புகளின் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுகிற ஆட்கள் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். போன மாதத்துப் பதிவுகளும் இந்த மாதத்துப் பதிவுகளும். எல்லோருக்கும் பயம். எனக்கு என்ன? ஆயிரம் அழைப்பில் எதைக் கேட்கப் போகிறார்கள்?

இவர் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டிருக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு லேத் பட்டறையில் எங்கே போவது?

நவம்பர் 4, செவ்வாய்

குருசாமி நேற்றும் கூப்பிடவில்லை, இன்றும் கூப்பிடவில்லை. இரண்டு மாதமாக அந்த மனிதர் தொல்லை ஒழியாதா என்றிருந்தது. ஒழிந்தது. ஆனால் பத்து பத்துக்கு வேறு ஒரு அழைப்பை எடுத்து, “சொல்லுங்க குருசாமி சார்” என்றுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண்.

அவர் நம்பர் சிஸ்டத்தில் இருக்கிறது. நாங்களாகக் கூப்பிடக் கூடாது. அது விதி.

76.

நவம்பர் 9, ஞாயிறு

நான்கு நாள் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சத்தி ரோட்டில் தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. இவர் தூங்குகிறார். மூக்கில் குழாய்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு லாக்கருக்குப் போனேன். விலை பார்க்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. போனில் பதினான்கு மிஸ்டு கால். எல்லாம் பட்டறை முதலாளி. பத்தே முக்காலிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். இவர் லேத் பக்கத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டார்.

அப்படியே ஓடினேன். டாக்டர் நின்றபடியே சொன்னார். “குடல் இறங்கி மாட்டிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னுருக்கு. இப்பவே திறக்கணும். கீழ கவுண்டர்ல எழுபதாயிரம் கட்டிடுங்க.” முதலாளி முப்பது கொடுத்தார். மீதி நாற்பது.

படிக்கட்டில் உட்கார்ந்து எல்லா ஆர்பிட்டையும் விற்றேன். 71. யோசிக்கவேயில்லை. நான்கு மாதம் யோசித்தது நான்கு நொடியில் முடிந்துவிட்டது. பணம் ஆப்புக்குள் வந்தது. பேங்குக்கு மாற்றக் கொடுத்தால், ‘24 முதல் 48 மணி நேரம்’ என்று எழுத்து வந்தது.

எங்கள் எண்ணுக்கே கூப்பிட்டேன். இசை. இந்த இசையை இதுவரை நான் கேட்டதே இல்லை, அந்தப் பக்கம்தானே எப்போதும் இருந்திருக்கிறேன். பதினொரு நிமிஷம். பிறகு ஸ்டெல்லாவின் குரல். என் பக்கத்து நாற்காலிக்காரி. நான்தான் என்று சொல்வதற்குள் அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பொறுமையாக இருக்கும்படி.

“ஸ்டெல்லா, நான் அமுதா. அவரு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல கெடக்கறாரு. நாப்பதாயிரம் வேணும்.”

அழைப்பு பதிவாகிறது. அவளால் என்ன சொல்ல முடியும்? “லைன்ல இருங்க” என்றாள். திரும்ப இசை. அடுத்து வந்தது ஷெரின்.

“அக்கா, போனை வைங்க. உங்க ஜி-பே நம்பர் இதேதானே?”

இரண்டு நிமிஷத்தில் நாற்பதாயிரம் வந்தது. அவள் சொந்தப் பணம். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

நாலு மணி நேர ஆபரேஷன். அரை அடி குடலை வெட்டி எடுத்திருக்கிறார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஜூன்லயே செஞ்சிருந்தா சின்ன வேலைம்மா. அடுத்த நாள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?”

சீட்டு எடுக்க முடியவில்லை என்று சொன்னேன். டாக்டரிடம்கூட.

நவம்பர் 13, வியாழன்

ஷெரின் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். ஆப்பிலிருந்து பணம் வந்த அன்றே அவளுக்குத் திருப்பிவிட்டேன், அதனால் முகம் பார்த்துப் பேச முடிந்தது. வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

“அக்கா, அக்டோபர் ஏழாம் தேதி கால் ஒண்ணு ஆடிட்ல மாட்டிருக்கு. அருப்புக்கோட்டை கஸ்டமர். விக்காதீங்கன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஆமா.”

“என் டீம் கால். நான்தான் ரிப்போர்ட் எழுதணும். எழுதிட்டேன். ஒரு மாசம் சஸ்பென்ஷன், சம்பளம் கெடையாது. உங்ககிட்ட நானே சொல்லணும்னு வந்தேன்.”

கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. நாற்பதாயிரம் கொடுத்தவளும் இவள்தான், ரிப்போர்ட் எழுதியவளும் இவள்தான். யாராவது ஒருவர் முழுசாகக் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி.

“உங்ககிட்டயும் ஆர்பிட் இருந்துச்சாக்கா?”

தலையாட்டினேன். அவள் ஆரஞ்சை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். மாடிப்படியில் நின்று, “என்கிட்டயும் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

நவம்பர் 15, சனி

அருப்புக்கோட்டைக்கு என் சொந்த போனிலிருந்து கூப்பிட்டேன். கடை போர்டில் இருக்கிற நம்பரைத் தேடி எடுத்தேன், சிஸ்டத்திலிருந்து இல்லை.

“குருசாமி சார், நான் அமுதா.”

“எந்த அமுதா? அட, மேடம்! நீங்களா கூப்பிடுறீங்க?”

மூன்றாம் தேதியே விற்றுவிட்டாராம், எழுபத்தொன்பதுக்கு. ஃபீஸில் பாதி கட்டி, மீதிக்குக் காலேஜில் ஜனவரி வரை நேரம் வாங்கி, இரண்டு ஜெராக்ஸ் மிஷினில் ஒன்றை விற்றுவிட்டார். கேட்க எதுவும் இல்லை என்பதால் எனக்குக் கூப்பிடவில்லை.

“என்னாலதான் சார் உங்களுக்கு இவ்வளவு நஷ்டம். மன்னிச்சிருங்க.”

“அதை விடுங்க மேடம். ஆறு பேரு என்கிட்ட வித்துருன்னு சொன்னாங்க. என் பொண்டாட்டி சொன்னா, மச்சான் சொன்னான், பக்கத்துக் கடை பத்திர எழுத்தர்கூட சொன்னாரு. இருன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். அதைக் கேக்கத்தான் திரும்பத் திரும்ப உங்களுக்கே போட்டேன்.”

இதோடு வைத்திருக்கலாம். அவர் மன்னித்துவிட்டார், எனக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“சார், உங்களுக்காக நான் சொல்லலை. என்கிட்டயும் ஆர்பிட் இருந்துச்சு. நீங்க வித்தா எனக்குப் பயமாயிருக்கும்னுதான் இருங்கன்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினார்.

“அப்ப நீங்களும் மாட்டிக்கிட்டு நின்னுதான் எனக்குச் சொன்னீகளா?”

“ஆமா சார்.”

“ஆபீஸ் ஆளு, உள் விவரம் தெரிஞ்சு சொல்றீகன்னுல்ல நெனைச்சேன்.” குரல் மாறிவிட்டது. “எம் மகளுக்கு அந்த மிஷினை வித்த விஷயம் இன்னும் தெரியாது. வைங்கம்மா.”

வைத்துவிட்டார். மேடம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவருக்குக் கஞ்சி மட்டும்தான். ஒரு மாதம் எதையும் தூக்கக் கூடாது. தலையணையைச் சாய்த்துவைத்து உட்காரவைத்தேன். கஞ்சி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு ஜூலையிலேயே எடுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வாங்கியது. வளையல். எழுபத்தொன்றுக்கு விற்றது. போட்டது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், வந்தது ஒரு லட்சம். அதுவும் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

சத்தம் போடுவார் என்று ஜன்னலைக்கூடச் சாத்திவைத்திருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“சீட்டு எடுத்தது செப்டம்பர்லயே தெரியும். பேபி அக்கா வீட்டுக்காரரு பட்டறைக்கு வந்திருந்தாரு.”

“தெரியுமா?”

“உங்க அண்ணனுக்குக் குடுத்திருப்பேன்னு நெனைச்சேன். அவரு கஷ்டப்பட்டுட்டு இருந்தாரில்ல. கேட்டா உனக்குச் சங்கடம். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

“ரெண்டு மாசமாவா?”

“ஆமா.”

“வலியோடயா?”

“பொறுத்துக்கன்னு நீதானே சொன்னே.”

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. இந்த மனுஷன் எல்லாம் தெரிந்துகொண்டு, குடல் அழுகுகிற வரைக்கும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, என் வாயிலிருந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். கத்தினேன். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? சீட்டுப் பணம் எங்கடின்னு ஒரு தடவை கேட்டிருந்தா அன்னிக்கே வித்திருப்பேன்! செத்துப் போயிருந்தா யாருகிட்டப் போயி நான் சொல்றது?” பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தும் கேட்டிருக்கிறது.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையலைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனது.

அப்புறம் சொன்னார். “இனிமே எனக்கு வலிச்சா கத்துவேன். உனக்கு என்னன்னாலும் நீயும் கத்து. தெருவே கேக்கட்டும்.”

நவம்பர் 26, புதன்

ஆர்பிட் 119. யாரும் சொல்லவில்லை, நானேதான் பார்த்தேன். காலையில் பால் வைப்பதற்கு முன்னால். ஆப்பை அழித்த பிறகும் கூகுளில் போட்டுப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

இவர் கட்டிலிலிருந்து கேட்டார். “என்ன அப்படி நிக்கறே?”

“நூத்திப் பத்தொம்பதுங்க.”

“எத்தனை வச்சிருந்தே?”

“ஆயிரத்து நானூத்திச் சொச்சம்.”

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். லேத்தில் வேலை செய்கிறவர், கணக்கு சீக்கிரம் வரும். முகம் மாறியது. பிறகு, “அந்த போனைக் கொண்டா” என்றார். கொடுத்தேன். அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம்தான் கொடுப்பாராம்.

கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். பதினாறாயிரம். நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன். அங்கே கூப்பிடுகிறவர்கள் சிலிண்டர் எப்போது வரும் என்றுதான் கேட்பார்களாம். நாளைக்கு வரும் என்றோ வராது என்றோ தெளிவாகச் சொல்லலாம்.

சம்பளத்தில் பாதி சீட்டுக்கும் அடகுக்கும் போய்விடும். பேபி அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அருப்புக்கோட்டைக்கு மறுபடி ஒரு தடவை போட்டேன். அவர் எடுக்கவில்லை. இனிமேல் போட மாட்டேன்.

வலிக்கிறதாம். தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறார். மாத்திரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. போகிறேன்.